ஒரு பாட்டுக்காகக் காத்திருந்த எண்பதாயிரம் பேர்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



ரக்பி என்னும் விளையாட்டை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் வகுப்பில் கேட்டேன். 42 பேரில் இருவர் மட்டுமே கையைத் தூக்கினர். அவர்களில் ஒருத்தி பார்த்தது ரக்பியே அன்று, அமெரிக்கக் கால்பந்து என்று பிறகு தெரிய வந்தது! ஆகவே முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கதைக்கு வருகிறேன்.

ரக்பிப் பந்து உருண்டையானது அன்று. மட்டை உரிக்காத தேங்காயைப் போல நீண்டு, இரு முனையும் கூம்பியிருக்கும். அணிக்குப் 15 பேர். ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பின்னாலோ பக்கத்திலோ ஓடி வரும் தம் அணியினருக்குத்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் இடுப்பைக் கட்டித் தரையில் சாய்க்கலாம். சடுகுடுவில் பாடி வருபவரை மடக்கிப் பிடிப்போமே, ஏறக்குறைய அதே பிடி. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துவிட்டால் 5 புள்ளி. அதற்கு ‘ட்ரை’ என்று பெயர். பிறகு அதே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. எதிரணி தவறு செய்து, அதற்காகக் கிடைக்கும் ‘பெனால்டி’ உதைக்கு 3. (ஸ்க்ரம் என்று ஒன்றும் உண்டு. பதினாறு பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். அதன் விதிகளை என் அண்ணன் மூன்று முறை விளக்கியும் எனக்கு விளங்கவில்லை, ஆகையால் விட்டுவிடுகிறேன்.)

ஒரு நாட்டு அணி இன்னொரு நாட்டு அணியோடு மோதுவதை ரக்பியிலும் ‘டெஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். கிரிக்கெட்டைப் போல ஐந்து நாள் நீளாது. ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மாலைக்காக ரசிகர்கள் காத்திருக்கும் நாட்கள் உண்டே, அவைதாம் நான் எழுத வந்த பொருள். அதிலும் ஒரு குறிப்பிட்ட காத்திருப்பைப் பற்றி. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 24, சனிக்கிழமை மாலை, டப்ளின் நகரத்தில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் ஆட இருந்தன. அந்த ஆட்டத்துக்காக ஐரிஷ் மக்கள் காத்திருந்ததைப் போல வேறெந்த ஆட்டத்துக்கும் காத்திருந்ததில்லை என்று எனக்குச் சொன்னவர், எங்கள் மடத்தில் ஓய்வில் இருக்கும் ஐரிஷ் சிஸ்டர். வயது தொண்ணூறை நெருங்குகிறது. ஞாயிறுதோறும் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது என் வேலை. விளையாட்டுப் பக்கத்தை மட்டும் ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்வார்!

1875-ஆம் ஆண்டிலிருந்து இவ்விரு நாடுகளும் ரக்பி ஆடி வருகின்றன. பிறகு ஏன் அந்த ஒரு ஆட்டம் மட்டும் தனி? காரணம் எதிரணி அன்று, இடம்.

ஆட்டம் நடக்க இருந்த அரங்கத்தின் பெயர் குரோக் பார்க். 82,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மாபெரும் மைதானம். காஷெல் நகரத்தின் பேராயராக இருந்த தாமஸ் குரோக் ஆண்டகையின் பெயரைத் தாங்கியது. இது கெயிலிக் விளையாட்டுச் சங்கத்தின் தலைமை அரங்கம். 1884-ல் தர்லஸ் என்னும் ஊரில் ஒரு விடுதியில் கூடிய சிலர் தொடங்கிய சங்கம் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் தங்கள் சொந்த விளையாட்டுகள் அழிந்து போகாமல் காப்பதே அவர்கள் நோக்கம். ஹர்லிங் என்பது அவற்றில் ஒன்று. வளைந்த மரமட்டையால் சிறு பந்தை வானத்தில் பறக்கவிடுவார்கள். கெயிலிக் கால்பந்து இன்னொன்று. அதில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்.

1920-ஆம் ஆண்டு நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அன்று காலையில் மைக்கேல் காலின்ஸ் என்னும் தலைவரின் ஆட்கள், டப்ளினில் தங்கியிருந்த பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் பலரைச் சுட்டுக் கொன்றனர். பிற்பகலில் குரோக் பார்க்கில் டப்ளின் அணிக்கும் டிப்பரரி அணிக்கும் கெயிலிக் கால்பந்தாட்டம். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பிரிட்டிஷ் அரசின் காவல் படை உள்ளே நுழைந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டது. சூடு நீடித்தது இரண்டு நிமிடத்திற்கும் குறைவுதான். குண்டுபட்டும் நெரிசலில் மிதிபட்டும் 14 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஜெரோம் ஓ’லியரி என்ற சிறுவனுக்கு வயது 10. ஜேன் பாயில் என்ற இளம்பெண்ணுக்கு இன்னும் ஐந்து நாளில் திருமணம். மணமகனாக வர இருந்தவரோடுதான் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். மைக்கேல் ஹோகன் என்ற டிப்பரரி ஆட்டக்காரர் மைதானத்திலேயே விழுந்தார். இன்று அந்த அரங்கத்தின் பார்வையாளர் பகுதிகளில் ஒன்றுக்கு அவர் பெயர்.

இதைப் படிக்கும் எந்த இந்தியப் பெண்ணுக்கும் ஜாலியன்வாலாபாக் நினைவுக்கு வராமல் போகாது. அது 1919 ஏப்ரல். இது அதற்கு அடுத்த ஆண்டு. ஆனால் இங்கே ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். ஜாலியன்வாலாபாக் படுகொலையின்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, சுட்டவர்களுக்கு ஆதரவாக நின்ற மைக்கேல் ஓ’டையர், அதே டிப்பரரியில் பிறந்த ஐரிஷ்காரர்! சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். “தெரியும், குழந்தாய்” என்று மட்டும் சொன்னார்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆங்கிலேயரின் விளையாட்டுக்கு அனுமதி கிடைக்குமா? கிடைக்கவில்லை. ரக்பி, கால்பந்து, கிரிக்கெட், ஹாக்கி யாவும் ‘அந்நிய விளையாட்டுகள்’ என்று சங்கம் ஒதுக்கியது. உறுப்பினர்கள் அவற்றை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. பார்ப்பவர்களைக் கண்டுபிடிக்க ஆட்களையே அனுப்பினார்கள் என்றால் பாருங்கள்! 1938-ல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், பதவியின் கடமையாக ஒரு கால்பந்தாட்டத்துக்குப் போனார். அதற்காக அவரையே சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் சிஸ்டரின் தம்பி ஹர்லிங் ஆட்டக்காரர். இளமையில் ரக்பி பார்க்க ஆசைப்பட்டு, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒளிந்து ஒளிந்து போவாராம். உறுப்பினர்களுக்கு இருந்த இந்தத் தடை 1971-ல்தான் நீங்கியது. அதன் பிறகும் சங்கத்தின் மைதானங்களில் அந்நிய விளையாட்டு நடத்தக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த விதி தளர்ந்தது மனமாற்றத்தால் மட்டுமன்று, தேவையாலும்தான். டப்ளினில் ரக்பி நடந்து வந்த லான்ஸ்டவுன் ரோடு அரங்கம் மிகப் பழையது. அதை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். கட்டி முடியும் வரை அயர்லாந்து அணி எங்கே ஆடும்? குரோக் பார்க் கிடைக்காவிட்டால், தங்கள் ‘சொந்த மண்’ ஆட்டங்களைப் பிரிட்டனுக்குப் போய் ஆட வேண்டிய நிலை! 2005 ஏப்ரல் 16 அன்று சங்கத்தின் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 227 பேர் ஆதரவாகவும் 97 பேர் எதிராகவும் வாக்களித்தனர். கதவு திறந்தது.

குரோக் பார்க்கில் முதல் ரக்பி ஆட்டம் 2007 பிப்ரவரி 11-ல், பிரான்ஸ் நாட்டோடு. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு ட்ரை வாங்கி, 17-க்கு 20 என்று அயர்லாந்து தோற்றது. ரசிகர்கள் வருந்தினார்கள்தான். ஆனால் அந்த வருத்தம் நீடிக்க இடமில்லை. இரண்டே வாரத்தில் இங்கிலாந்து வருகிறது!

அந்த இரண்டு வாரமும் ரசிகர்கள் என்ன பேசியிருப்பார்கள்? ஆட்டத்தைப் பற்றிப் பேச நிறையவே இருந்தது. தொடைத் தசைப் பிடிப்பால் பிரான்ஸ் ஆட்டத்தில் இறங்காத தலைவர் பிரையன் ஓ’டிரிஸ்கல் குணமாகிவிடுவாரா? 2003-ல் உலகக் கோப்பையை வென்று கொடுத்த ஜானி வில்கின்சன், அதன்பின் காயத்தின் மேல் காயம் பட்டு, இப்போதுதான் இங்கிலாந்து அணிக்குத் திரும்பி வந்திருக்கிறார். அவர் காலை யார் கட்டுப்படுத்துவது? 2004, 2005, 2006 என மூன்றாண்டும் அயர்லாந்தே வென்றிருக்கிறது. நான்காவது முறையும் நடக்குமா?

பழைய கணக்கும் ஒன்று இருந்தது. 2003-ல் லான்ஸ்டவுன் ரோட்டில் ஆட்டத்துக்கு முன், குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் வீரர்களோடு கைகுலுக்க வந்தார். இங்கிலாந்துத் தலைவர் மார்ட்டின் ஜான்சன் தம் அணியை அயர்லாந்து அணிக்குரிய பக்கத்தில் நிறுத்திவிட்டு, நகரச் சொல்லியும் நகர மறுத்துவிட்டார்! குடியரசுத் தலைவர் சிவப்புக் கம்பளத்தை விட்டிறங்கிப் புல்லில் நடக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு இங்கிலாந்து 42-க்கு 6 என்று வென்றும் போனது. இந்தக் கம்பளக் கதையை ஐரிஷ்காரர் ஒருவரும் மறக்கவில்லை. சிஸ்டர் கூட அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தினார்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே நின்ற பேச்சு ஒன்று இருந்தது. நாடுகளுக்கிடையே டெஸ்ட் நடந்தால் தொடங்குமுன் இரு நாட்டுக் கீதங்களும் இசைக்க வேண்டும். இங்கிலாந்து அணிக்கு அன்று இசைக்கும் கீதம் ‘காட் சேவ் தி குவீன்’. (என் கொள்ளுப்பாட்டி, விடுதலைக்கு முன் பள்ளியில் படித்தபோது இதே பாட்டைத்தான் பாடினார்களாம். அப்போது அரசி இல்லை, அரசர்.) அந்த அரசின் படை சுட்டு 14 பேர் இறந்த அதே மண்ணில், அந்த அரசின் கீதம். அப்போது கூட்டம் என்ன செய்யும்?

செய்தித்தாள்களிலும் வானொலியிலும் இதுவே வாதமாயிற்று. விருந்தினருக்கு மரியாதை செய்வதே நமக்கு மரியாதை என்றார்கள் ஒரு சாரார். இறந்தவர்களை மறந்துவிட்டீர்களா என்றார்கள் மற்றொரு சாரார். பழைய கெயிலிக் வீரர் ஒருவரின் குடும்பத்தார், அரங்கத்தின் அருங்காட்சியகத்துக்குத் தந்திருந்த பதக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டனர். 80,000 பேரில் 79,000 பேர் அமைதியாக இருந்தாலும், மீதிப் பேர் ஊளையிட்டால் உலகம் முழுவதற்கும் கேட்கும் அல்லவா? அந்த அச்சம்தான் நல்ல ரசிகர்களைத் தூங்கவிடாமல் செய்தது. சிஸ்டரின் தம்பிக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். அவருக்கு டிக்கெட் கிடைத்திருந்தது. “எழுந்து நிற்பேன். ஆனால் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்க மாட்டேன்” என்று அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம்.

இங்கே நான் படித்து வியந்த ஒரு செய்தியையும் சேர்க்க வேண்டும். 1972 ஜனவரியில் வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் இராணுவம் ஊர்வலத்தினரைச் சுட்டு 13 பேர் அன்றே இறந்தனர். சில நாளில் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு ஆட வர மறுத்துவிட்டன. மறு ஆண்டு, 1973 பிப்ரவரியில், இங்கிலாந்து அணி வந்தது. அவர்கள் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்துக்குள் கால் வைத்ததும் ஐரிஷ் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று பல நிமிடங்கள் விடாமல் கைதட்டியது! இங்கிலாந்து அன்று 9-க்கு 18 என்று தோற்றது. இரவு விருந்தில் அதன் தலைவர் ஜான் புல்லின், நாங்கள் நன்றாக ஆடாமலிருக்கலாம், ஆனால் வந்தாவது சேர்ந்தோம் என்ற கருத்தில் பேசிச் சிரிப்பும் கைதட்டலும் பெற்றார். ரக்பி ரசிகர்களுக்கு அந்த நினைவு உண்டு. ஆனால் அது லான்ஸ்டவுன் ரோடு. இது குரோக் பார்க்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அயர்லாந்தின் ரக்பி அணி முழுத் தீவுக்கும் ஒரே அணி. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் ஆட்டக்காரர்களும் அதில் உண்டு. அயர்லாந்துக் குடியரசின் கீதம் தங்களுடையது அன்று என்று எண்ணுவோர் அவர்களில் இருப்பதால், 1995 முதல் எல்லோருக்கும் பொதுவாக ‘அயர்லண்ட்ஸ் கால்’ என்று ஒரு பாட்டும் பாடுகிறார்கள். ஆக அன்று மூன்று பாட்டுகள்!

இதை வகுப்பில் சொன்னபோது என் தோழி ஒருத்தி, “ஜாலியன்வாலாபாகில் அந்தப் பாட்டை வாசித்தால் நீ எழுந்து நிற்பாயா?” என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிற்பேன் என்று சொன்னால் அந்தக் கிணற்றில் விழுந்தவர்களுக்குத் துரோகம் போலிருந்தது. நிற்க மாட்டேன் என்று சொன்னால், அங்கே பாட வந்திருப்பவன் சுட்டவன் அல்லவே, அவன் பேரனுக்குப் பேரனாயிற்றே என்று தோன்றியது. மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

24-ஆம் தேதி வந்தது. மாலை ஐந்தரை மணி ஆட்டம், விளக்கொளியில். வெளியே சிறு கூட்டமொன்று எதிர்ப்புக் காட்டியது. அதில் ஒருவர் ‘அந்நிய விளையாட்டு வேண்டாம்’ என்ற அட்டையை ஏந்தி நின்றார். அவர் அணிந்திருந்ததோ ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்துக் கழகத்தின் சட்டை! அந்தப் படத்தைப் பார்த்து அயர்லாந்தே சிரித்தது.

உள்ளே இங்கிலாந்து அணி வரிசையாக நின்றது. வாத்தியம் தொடங்கியது. வந்திருந்த இங்கிலாந்து ரசிகர்கள் பாடினார்கள். (ரக்பியில் இரு நாட்டு ரசிகர்களும் வேலி பிரிக்காமல் கலந்தே அமர்வார்கள்.) மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். ஒரு ஊளை இல்லை, ஒரு சீழ்க்கை இல்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. பிறகு அயர்லாந்தின் கீதம். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் அப்போது வெளிவந்தது. ஜான் ஹேஸ் என்று ஓர் ஆட்டக்காரர். லிமரிக் மாவட்டத்து விவசாயி. மலை போன்ற உருவம். அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அந்தப் படத்தைச் சிஸ்டர் தம் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடைவேளையில் 23-க்கு 3. முடிவில் 43-க்கு 13. அயர்லாந்து வெற்றி! ரோனன் ஓ’காரா ஒருவரே 21 புள்ளி எடுத்தார். எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு ட்ரையை. ஓ’காரா மைதானத்தின் குறுக்கே பந்தை உயர உதைத்தார். மூலையில் ஷேன் ஹோர்கன் எம்பி, எதிராளியின் தலைக்கு மேலே இரு கையாலும் பந்தைப் பிடித்துக் கோட்டுக்குள் விழுந்தார். அது ரக்பிப் பிடி அன்று. கெயிலிக் கால்பந்தின் பிடி. ஹோர்கன் சிறுவனாக இருந்தபோது ஆடியது அதுதான். குரோக் பார்க் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய பிடி!

அன்றிரவு தம்பி தொலைபேசியில் அழைத்தார். புள்ளிகளையெல்லாம் சொன்னார். ஹோர்கனின் பிடியை இரண்டு முறை சொன்னார். “அந்தப் பாட்டு முடிந்ததும் நீ கை தட்டினாயா?” என்று சிஸ்டர் கேட்டாராம். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவேயில்லையாம்.

2009 பிப்ரவரியில் இங்கிலாந்து மறுபடியும் குரோக் பார்க்குக்கு வந்தது. இம்முறை அதன் மேலாளர் வேறு யாருமல்லர். கம்பளத்திலிருந்து நகர மறுத்த அதே மார்ட்டின் ஜான்சன். ஆட்டத்தில் அவர் அணியைச் சேர்ந்த இருவர் மஞ்சள் அட்டை வாங்கிப் பத்துப் பத்து நிமிடம் வெளியே உட்கார, அவர் கோபத்தில் மேசையைக் குத்தினார். அந்த ஆண்டு ஐரிஷ் ரசிகர்கள் நகம் கடித்தது பாட்டுக்காக அன்று. ஓ’காராவின் உதைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. முடிவில் 14-க்கு 13. ஒரே ஒரு புள்ளி!